தண்ணீர் வடிய ஒரு சாலை, அழைத்தால் வர ஒரு பேருந்து



அமெரிக்காவின் நடுப்பகுதியில் மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற மாநிலம் அயோவா. மக்கள்தொகை சுமார் 32 லட்சம். மாநிலம் 99 கவுன்டிகளாகப் பிரிந்திருக்கிறது. நம் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் இடைப்பட்ட அளவுள்ள நிர்வாகப் பகுதி என்று கவுன்டியைச் சொல்லலாம். இந்தக் கவுன்டிகள் எல்லாம் சேர்ந்து பராமரிக்கிற ஊரகச் சாலைகளின் நீளம் ஏறத்தாழ 90,000 மைல், அதாவது 1,45,000 கிலோமீட்டர்.

இவ்வளவு நீளம் எப்படி வந்தது? குடியேற்றக் காலத்தில் நிலத்தை மைலுக்கு மைல் சதுரம் சதுரமாக அளந்து பிரித்தார்கள். அந்தச் சதுரங்களின் ஓரமாகவே சாலைகள் அமைந்தன. பண்ணை வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு சாலையை நம்பி நாலைந்து குடும்பங்கள்தான் இருக்கலாம். ஆனால் அது பழுதானால் தானிய லாரியும் பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்ஸும் அவர்களிடம் போய்ச் சேராது.

இந்தச் சாலைகளில் பெரும்பகுதி தார் காணாத சரளைக்கல் சாலைகள். சரளைக்கு முதல் எதிரி தண்ணீர். அதனால் சாலையின் நடுப்பகுதியை மேடாக்கி, ஓரத்தை நோக்கி ஓர் அடிக்கு அரை அங்குலம் சரிவு கொடுக்கிறார்கள். பெய்த மழை நிற்காமல் பக்கத்து வாய்க்காலில் இறங்கிவிட வேண்டும். வண்டிகள் ஓட ஓட, சரளை ஓரத்தில் ஒதுங்கி வரப்புபோலக் கட்டிக்கொள்ளும். அந்த வரப்பு தண்ணீரை மறித்துவிட்டால் சாலை ஊறிப்போகும், பள்ளம் விழும். சாலையைச் சமன்செய்யும் கிரேடர் எந்திரத்தின் ஓட்டுநர் அதைச் சுரண்டி எடுத்து, சரளையை மறுபடி நடுவுக்குக் கொண்டுவருகிறார். மணிக்கு எட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் கிரேடரின் தகடு துள்ளும், சாலை அலை அலையாகிவிடும். எனவே நிதானமாகத்தான் போக வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கிற நாளில் வேலை நன்றாகப் படியும். வானத்தைப் பார்த்து வேலையைத் திட்டமிடுகிற அந்த ஓட்டுநரின் கைப்பக்குவத்தில்தான் சாலையின் ஆயுள் இருக்கிறது.

குளிர்காலத்தில் பனியை ஒதுக்க வேண்டும். வசந்தத்தில் வேறொரு தொல்லை. உறைந்த மண் மேலிருந்து இளகும், அடியில் இன்னும் உறைந்தே கிடக்கும். நடுவில் சிக்கிய நீருக்கு வழியில்லாமல் சாலை சேறாகும். அந்த வாரங்களில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும்.

மாநிலத்தில் பாலங்கள் மட்டும் 23,000க்கு மேல். மோசமான நிலையில் உள்ள பாலங்களின் எண்ணிக்கையில் அயோவா நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. எடை வரம்புப் பலகை வைத்த பாலத்தில் அறுவடை லாரி ஏற முடியாது. சுற்றிப் போகிற ஒவ்வொரு மைலுக்கும் விவசாயிதான் டீசல் ஊற்றுகிறார்.

பணம் எங்கிருந்து வருகிறது? எரிபொருள் வரியும் வாகனக் கட்டணங்களும் சேர்கிற மாநிலச் சாலை நிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கவுன்டிச் சாலைகளுக்கு. உள்ளூர்ச் சொத்து வரியும் கைகொடுக்கிறது. 2015இல் எரிபொருள் வரியைக் கேலனுக்கு 10 சென்ட் உயர்த்தினார்கள். எந்தச் சாலைக்கு எவ்வளவு என்பதை மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்டி வாரியம் முடிவு செய்கிறது. சட்டப்படி நியமிக்கப்பட்ட கவுன்டி பொறியாளர் அதை நிறைவேற்றுகிறார்.

நேயர்களே, சாலை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? பார்வை மங்கி, கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவருக்கு அந்தச் சாலையால் என்ன பயன்? வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போக வேண்டியவருக்கு யார் துணை?

அயோவா இதற்கும் வழி செய்திருக்கிறது. தனித்தனிக் கவுன்டியால் பேருந்து நடத்தக் கட்டுப்படியாகாது. ஆகவே பல கவுன்டிகள் கூட்டாகச் சேர்ந்து, 16 வட்டாரப் போக்குவரத்து அமைப்புகளை வைத்திருக்கின்றன. மத்திய அரசு, மாநில அரசு உதவியோடு இவை 99 கவுன்டிகளையும் எட்டுகின்றன. பல இடங்களில் குறித்த தடம் கிடையாது. முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைத்தால், சக்கர நாற்காலியை ஏற்றும் வசதியுள்ள சிறு பேருந்து வீட்டு வாசலுக்கே வரும். முதியவர் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறுகிறவர்கள் குறைவு என்பதால் இதைக் கட்டணத்தை நம்பி நடத்த முடியாது. இதை லாப நட்டக் கணக்கில் பார்ப்பது முறையும் அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

புதுச் சாலை திறக்க விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பழைய சாலையின் வாய்க்காலைத் தூர்வாரியதற்கு விழா எடுப்பவர் இல்லை. ஆனால் ஊரை ஊராக வைத்திருப்பது அந்த வேலைதான். எந்த நாட்டு நிர்வாகமானாலும் நிதிநிலை அறிக்கை வைக்கும்போது மக்கள் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: போட்ட சாலையைக் காப்பாற்ற ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்? வண்டி இல்லாதவர் மருத்துவமனைக்குப் போக என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல முடிகிற நிர்வாகத்தையே நல்ல நிர்வாகம் என்பேன்.