நள்ளிரவில் துடிக்கும் நெஞ்சு



ஊர் அடங்கிவிட்டது. தெருநாய்களும் ஓய்ந்துவிட்டன. வேலிக்கப்பால் பனையோலை சரசரக்கும் ஓசை மட்டுமே கேட்கிறது. அந்த வேளையில், அயர்ந்து நித்திரை கொண்டிருந்த ஒருவர் திடுக்குற்று எழுந்து உட்காருகிறார். நெஞ்சு பறையடிப்பதுபோல் அடிக்கிறது. தொண்டை வறண்டிருக்கிறது, கழுத்தெல்லாம் வியர்வை. மணிக்கூட்டைப் பார்க்கிறார், இரண்டு மணி. சில நிமிடங்களில் யாவும் தணிந்துவிடுகின்றன. மறுநாள் வைத்தியரிடம் சென்றால் நாடி ஒழுங்காக இருக்கிறது, ஈ.சி.ஜி. படமும் குற்றமின்றி வருகிறது. இத்தகைய ஒருவர் உங்கள் ஊரில் இருக்கலாம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

இதற்கு நம்மவர் கூறும் காரணங்கள் சில உண்டு. முன்னோர் அமுக்குப் பேய் என்றனர், நூல் கட்டினர். இன்று பேயைச் சொல்வோர் குறைவு. அதன் இடத்தில் இப்போது போர் வந்து நிற்கிறது. "அந்தக் காலத்துப் பயம் இன்னும் போகவில்லை" என்று வீட்டார் சொல்லுகின்றனர்.

அதைப் பொய் என்று தள்ளிவிட எவருக்கும் உரிமை இல்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், கொட்டும் மழையில், கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். அந்த இரவைக் கண்டவரின் நெஞ்சு இன்றும் நித்திரையில் பதறுமானால் அதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்திலே பல்லாண்டு மனநோய் வைத்தியராகப் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் விட்டுச்சென்ற உளக் காயங்களைப் பற்றி 'மனவடு' என்று தமிழிலேயே ஒரு நூல் எழுதினார். ஆயினும், ஒரு காரணம் உண்மையாக இருப்பதனாலேயே மற்றொரு காரணம் இல்லையென்று ஆகிவிடாது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. நான் இன்று பேச விரும்புவது அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றியே.

கரவெட்டியிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் "எப்படி நித்திரை?" என்று கேட்டால், "படுத்தால் விடியத்தான் எழும்புவேன், ஆனால் இடையிடையே இந்த நெஞ்சுப் படபடப்பு" என்பார். பகலிலே பத்திரிகை கையில் இருக்க, சாய்மனைக் கதிரையில் கண்ணயர்ந்துவிடுவார். காலையில் தலையிடி. பிறஷருக்கு இரண்டு குளிசை எடுத்தும் அது இறங்குவதாக இல்லை. இவ்வளவையும் கேட்ட வைத்தியர் அவரை விட்டுவிட்டு, உடன் வந்த மனைவியிடம் திரும்பிக் கேட்க வேண்டும். அந்த அம்மையார் சொல்வார்: "இவருடைய குறட்டை அடுத்த வளவுக்கும் கேட்கும் ஐயா. இடையிலே சட்டென்று நின்றுபோகும். மூச்சே இல்லாமல் கிடப்பார். எனக்குப் பயம் பிடித்து, இஞ்சேருங்கோ, திரும்பிப் படுங்கோ என்று தட்டுவேன். பிறகு ஒரு பெரிய இழுப்போடு மூச்சு வரும்." நோயின் வரலாறு முழுவதும் அந்தச் சில வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. நோயாளிக்கோ அதில் ஒரு சொல்லும் தெரியாது. தமது குறட்டையைத் தாமே கேட்டவர் யார்?

நடப்பது இதுதான். விழித்திருக்கும்போது தொண்டையைச் சூழ்ந்த தசைகள் இறுகி நின்று சுவாசப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. நித்திரையில் அவை தளர்கின்றன. மல்லாந்து படுத்தவரின் நாக்கின் அடி பின்னோக்கிச் சரிகிறது. ஒடுங்கிய பாதையூடே காற்று இழுபடும்போது மெல்லிய சதைகள் அதிர்வதே குறட்டை. பாதை முற்றாக அடைபட்டால் குறட்டையும் நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர் "அப்பாடா, ஓய்ந்தது" என்று ஆறுதல் கொள்ளும் அந்த அமைதியே அஞ்சத்தக்கது. மார்பும் வயிறும் காற்றுக்காக ஏறி இறங்குகின்றன, காற்று உட்செல்வதில்லை. இவ்வாறு 10 செக்கனோ அதற்கு மேலோ நின்றால் வைத்தியர் அதை ஒரு தடை என்று கணக்கிடுவர். அரை நிமிடம், ஒரு நிமிடம் நிற்பதும் உண்டு. இரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டே போகிறது. அப்போது மூளை ஆபத்தை உணர்ந்து உடலை உலுக்குகிறது. அட்ரினலின் பாய்கிறது, தொண்டை திறக்கிறது, அதுவரை மெதுவாகத் துடித்த இருதயம் விரைந்தோடுகிறது, இரத்த அழுத்தம் மேலெழுகிறது. பெரும்பாலான வேளைகளில் அவர் முழுமையாக விழிப்பதில்லை. ஆதலால் நினைவும் இராது. எப்போதாவது ஒரு தடவை கண் விழித்தால், அவர் அறிவது நெஞ்சின் ஓட்டத்தை மட்டுமே.

இதனைச் சிலீப் அப்னியா என்பர். நித்திரைச் சுவாசத் தடை என்று நாம் சொல்லலாம். மணிக்கு 5 தடவை நிகழ்ந்தாலே அது கவனிக்கத்தக்கது. 30 தடவைக்கு மேற்பட்டால் கடுமையானது. ஓர் இரவுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள்!

கும்பகர்ணனின் உறக்கத்தைக் கேட்டு நாம் சிரித்ததுபோலவே மேனாட்டாரும் சிரித்தார்கள். சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1836, 1837ஆம் ஆண்டுகளில் எழுதிய 'பிக்விக்' நாவலிலே, நின்ற இடத்திலேயே தூங்கிவிடும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். 1956இல் அமெரிக்க வைத்தியர் சிலர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியபோது, அந்த நாவலின் பெயரையே நோய்க்குச் சூட்டினர். நித்திரையிலே தொண்டை அடைபடுவதை 1965இல் ஐரோப்பிய ஆய்வாளர் கருவிகள் மூலம் பதிந்து காட்டிய பின்னரே சிரிப்பு அடங்கியது.

பருத்தவருக்கு மட்டுமே இது வரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிய மக்களிடம் முகத்தெலும்பும் தாடையும் அமைந்திருக்கும் விதத்தால், அளவான தேகமுள்ளவருக்கும் இது வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இது மிகுகிறது. நம் பெண்களோ, குறட்டை விடுவதை வைத்தியரிடம் சொல்லக் கூசுகிறார்கள். ஆண் விட்டால் களைப்பு, பெண் விட்டால் வெட்கக்கேடு என்ற இந்த வழக்கம் பலரின் நோயை மறைத்துவிடுகிறது.

இரவில் நெஞ்சு படபடக்க வேறு காரணங்களும் உண்டு. படுக்குமுன் குடித்த கடுந்தேநீர், இரத்தச்சோகை, தைரொயிட்டு மிகை, தொய்வுக்கு எடுக்கும் சில மருந்துகள் ஆகியவை அவற்றுட் சில. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர் இரவில் வியர்த்து, நடுங்கி விழித்தால், இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையோடு, துடிப்பு சீராக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா என்பதையும் எழுதுங்கள். தாறுமாறான துடிப்பைக் காலந்தாழ்த்தாது காட்ட வேண்டும். அதில் ஒரு வகை பாரிசவாதத்துக்கு வழி திறப்பது. நெஞ்சுநோவோ மயக்கமோ சேர்ந்து வந்தால், விடியும்வரை காத்திராமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரவுப் பதற்றத்தைப் பயம் என்று தாமே முடிவு செய்து, நித்திரைக் குளிசை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் சுவாசத் தடையாக இருப்பின், அந்தக் குளிசைகளிற் பல தொண்டையை மேலும் தளர்த்தும். உடல் தன்னை எழுப்பிக்கொள்ளும் ஆற்றலையும் மழுங்கச் செய்யும். மாலையில் குடிக்கும் கள்ளும் சாராயமும் அவ்வாறே. மற்றொரு கூட்டத்தாரையும் நினைக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவிரவாக வாகனம் ஓட்டுகிறவர்கள் அவர்கள். இந்த நோயுள்ள சாரதி ஏ-9 வீதியில் கண்ணயர்ந்தால் போவது அவருடைய உயிர் மட்டுமன்று.

சோதனை அஞ்சத்தக்கதன்று. மூக்கிலும் மார்பிலும் விரல் நுனியிலும் சிறு கருவிகளைப் பொருத்தி, ஓர் இரவு நித்திரை கொள்ளச் செய்து, மூச்சையும் பிராணவாயுவையும் துடிப்பையும் பதிவார்கள். நோய் இலேசானதாயின், உடற்பருமனைக் குறைப்பதும் பக்கவாட்டிற் படுப்பதும் பெரும் பயன் தரும். கடுமையாயின், மூக்கிலே கவசம் வைத்துக் காற்றை மெல்ல அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம் உண்டு. சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் அதனை அறிவித்தார். அதன் விலை எல்லார்க்கும் எட்டாது, மின்சாரமும் வேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு அது சிறிய விடயமன்று. ஆயினும், இயந்திரத்தோடு பழகிக்கொண்டவர்களிற் பலர் பகல் மயக்கம் தெளிந்துவிட்டதாகச் சொல்லுகின்றனர்.

கரவெட்டி ஆசிரியருக்கு மனைவி பக்கத்தில் இருந்தார். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்க, நாற்சார் வீட்டில் தனியே படுத்து எழும்பும் முதியவருக்கு யார் சாட்சி? அவர் மூச்சு நின்றதையும் மீண்டதையும் சொல்ல ஒருவரும் இல்லை. அத்தகையோர் கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டுத் தலைமாட்டில் வைத்து உறங்கலாம். அயல்வீட்டுப் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் அதைப் பழக்கிவிடுவார்கள். அந்தப் பதிவை வைத்தியரிடம் கொண்டுபோகலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து நிற்கும் நாட்களும் உண்டு. அவர்களில் ஒருவர், ஓர் இரவு மாத்திரம், அப்பாவின் அறையிலோ அம்மாவின் அறையிலோ பாயை விரித்துப் படுத்து, விழித்திருந்து கேட்கட்டும்.