ஹக்கலை ரோசாத் தோட்டம்

ஹெந்தளையில் ரோசாச் செடி வளர்த்துப் பார்த்தவர்கள் அதன் பிடிவாதத்தை அறிவார்கள். கடற்காற்றும் மணற்பாங்கான நிலமும் தென்னைக்கு உவந்தவை, ரோசாவுக்கு அல்ல. சாடியில் நட்டு, எருவிட்டு, நாள்தோறும் நீரூற்றினாலும் காலையில் விரிந்த மலர் உச்சிவெயிலில் தளர்ந்துவிடும். அதே செடி ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் எவ்வாறு பூக்கின்றது என்பதைக் காண விரும்புவோர் ஹக்கலைக்குச் செல்லவேண்டும்.

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் வீதியில், ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில் அத்தோட்டம் இருக்கின்றது. வழியிலே சீத்தா எலியவில் சீதையம்மன் கோயில். சீதை சிறையிருந்த அசோகவனம் இப்பகுதியே என்பது மக்கள் நம்பிக்கை. அனுமன் மருந்துமலையைக் கொண்டுவந்தபோது அதிலிருந்து விழுந்த துண்டே ஹக்கலைப் பாறை என்றும் ஒரு கதை வழங்குகின்றது. இக்கதையை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருப்பது நல்லது.

மூடுபனி விலகும் வேளையில் ரோசாப் பாத்திகளின் அழகே தனி. குளிர்ந்த காற்றிலே மொட்டு மெதுவாக விரிகின்றது. ஆகவே மலர் பெரிதாகின்றது, நிறம் ஆழ்ந்து நிற்கின்றது, பல நாள் வாடாமலும் இருக்கின்றது. பார்ப்பவர் கண் மலரில் நிலைத்துவிடும். அடித்தண்டைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. தோட்ட ரோசாக்களிற் பல ஒட்டுச் செடிகள். உறுதியான காட்டு ரோசாவின் தண்டிலே நல்லினத்தின் அரும்பை வைத்துக் கட்டி அவற்றை உண்டாக்குகின்றனர். யப்பானிலும் அதன் அயல்நாடுகளிலும் புதர்களில் வளரும் சிறு வெண்பூ ரோசா இதற்குப் பெரிதும் பயன்பட்டுவருகின்றது. அடியிலிருந்து கிளம்பும் காட்டுத்தளிரைக் கிள்ளாது விட்டால், சில ஆண்டுகளில் நல்லினம் நலிந்து காட்டினமே செடியை ஆட்கொள்ளும். தோட்டக்காரர் கையில் கத்தியுடன் வரிசை வரிசையாகக் குனிந்து செல்வது இதற்காகவே.

ஆனால் ஹக்கலைத் தோட்டம் ரோசாவுக்காகத் தொடங்கப்பட்டதன்று. 1861ஆம் ஆண்டில், தென்னமெரிக்க மலைகளிலிருந்து கொணர்ந்த சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்கே அது அமைக்கப்பட்டது. குளிர்காய்ச்சலுக்கு அக்காலத்தில் கைகண்ட மருந்தான கொயினா அம்மரத்தின் பட்டையிலிருந்தே கிடைத்தது. மருந்துமலைக் கதை வழங்கும் இடத்திலேயே மருந்துமரம் நட்டது ஒரு விந்தைதான்.

1869இல் கோப்பியைத் துருநோய் பற்றியது. தோட்டத்துரைமார் பலர் சிங்கோனாவுக்கு மாறினர். 1880களில் பட்டை அளவின்றி உலகச் சந்தைக்குச் சென்று குவிந்தது, விலை சரிந்தது. உடனே அம்மரங்களை அகற்றித் தேயிலையை நட்டனர். பட்டை உரித்ததும், மரத்தை வெட்டியதும், தேயிலை நட்டதும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகளே. ஹக்கலையோ வில்லியம் நொக் என்பவரின் பொறுப்பில் மெல்ல மெல்லப் பூந்தோட்டமாயிற்று.

பின்னர் வந்தது 1934, 35ஆம் ஆண்டுகளின் பெருங்காய்ச்சல். ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. குழந்தைகளே மிகுதி. அக்காலத்தில் உலகின் கொயினாவிற் பெரும்பகுதி யாவாத் தீவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்து வந்தது. இலாபம் குன்றியதும் இலங்கை அகற்றிய மரத்தை அங்கே ஒல்லாந்தர் பேணி வளர்த்திருந்தனர். விலையொன்றையே பார்த்துக் காரியம் செய்தவர்களை நோய் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று ஹக்கலைக்கு மருந்து நாடி எவரும் செல்வதில்லை; மலர் பார்க்கவே செல்கின்றனர். சித்திரை விடுமுறையில் கூட்டம் நெருக்கும். அமைதியாகப் பார்க்க விரும்புவோர் வேறு மாதத்தில் விடியற்காலையிற் செல்லலாம். ஹெந்தளையில் அணியும் மெல்லிய சட்டை அங்கே போதாது, குடையும் வேண்டும்.