மலையிலிருந்து தொடங்கும் கடல் ஆய்வு



ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை கிடையாது. பதுளையில் கூடி முருகைக்கற்களையும் இறாலையும் பற்றிப் பேசுவது வேலையற்ற வேலையாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்த மலைகளில் விழும் மழை இரண்டு கடற்கரைகளுக்குப் பிரிந்து போகிறது. பதுளு ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியில் கலந்து திருகோணமலையின் கொட்டியாரக்குடாவைச் சேர்கின்றன. கொஸ்லாந்தை, பூனாகலைப் பக்கத்து நீர் தியலும அருவியாக விழுந்து, கிரிந்தி ஓயாவோடு அம்பாந்தோட்டைக் கரைக்கு இறங்குகிறது. மனிதரும் காலநிலையும் கடலுக்குச் செய்யும் கேட்டை அளக்க வருகிற ஆய்வு, கரையில் அளவுகோலை ஊன்றினால் மட்டும் போதாது. ஆற்றின் தலைமாட்டிலும் ஊன்றவேண்டும். இன்று நான் நிறுவ முயல்வது இவ்வளவுதான்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. கடலைக் கெடுப்பது வெப்பம், மலை மண் அல்ல என்பார்கள். 1950 முதல் 2020 வரை வெப்பமண்டல இந்துசமுத்திரத்தின் மேற்பரப்பு பத்தாண்டுக்கு 0.12 பாகை செல்சியஸ் வீதம் சூடேறியிருப்பதாக, புனேயில் பணிபுரியும் ரொக்ஸி மத்யூ கோலும் அவரது குழுவினரும் காட்டியிருக்கிறார்கள். 1998இல் முருகைக்கற்கள் வெளிறியபோது, ஹிக்கடுவையில் சுமார் 47 வீதமாக இருந்த உயிருள்ள முருகை 7 வீதமளவுக்குச் சரிந்தது. 2016இல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைத்தொடரின் ஆழங்குறைந்த பகுதி ஏறக்குறைய முழுவதும் மடிந்தது. அந்தச் சூட்டைப் பசறையிலோ பண்டாரவளையிலோ யாரும் மூட்டவில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மடிந்த முருகை மீள்வது வேறு கதை. நீரில் மிதந்து வரும் முருகைக் குடம்பி ஒட்டிக்கொள்வதற்குச் சுத்தமான வன்பரப்பு வேண்டும். மெல்லிய சேற்றுப்படலம் படிந்த கல்லில் அது நிலைப்பது அரிது. நைதரசன் மிகுந்த நீரில் பாசி முந்திக்கொள்கிறது. சூடு எங்கிருந்து வந்தாலும், பிழைத்தெழும் வாய்ப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் உள்ளூர் நீர்தான்.

அணைகள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். உமா ஓயா மகாவலியோடு சேரும் இடத்தில் ரந்தெம்ப நீர்த்தேக்கம் இருக்கிறது. கண்டிக்கு அருகிலுள்ள பொல்கொல்லை நீர்த்தேக்கம் 1976இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் தன் கொள்ளளவில் சுமார் 44 வீதத்தை வண்டலுக்கு இழந்தது. அணை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அணையில் தங்குவது பெரும்பாலும் மணலும் பருமனான வண்டலும். மண்ணின் மிக நுண்ணிய களியில் ஒரு பகுதியும், கரைந்துபோன உரமும், நீரோடு நீராக அணையைத் தாண்டிவிடுகின்றன. தங்கிய மணலோ, கரையைக் கட்டிக்காக்கக் கடலுக்குப் போயிருக்க வேண்டியது. ஆக, அணை கடலுக்கு வேண்டியதை நிறுத்திவைத்து, வேண்டாததில் ஒரு பகுதியை அனுப்பிவிடுகிறது. கொட்டியாரக்குடாவைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு: திருகோணமலையின் ஆழ்கடற் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகிலேயே தொடங்குவதால், ஆற்று வண்டலில் ஒரு பகுதி அதற்குள் இறங்கிவிடும். அதனால்தான் ஊகத்தை விட அளவீடு முக்கியம் என்கிறேன்.

கேடு எப்போதும் மண் வடிவில்தான் வரும் என்றும் இல்லை. 1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெகர நீர்த்தேக்கமும் அதன்கீழ் வயல்களும் உருவாயின. வயல்களின் வடிகால்நீர் பூந்தலவிலுள்ள எம்பிலிகல, மலல களப்புகளில் போய் விழுந்தது. உவர்நீரில் வளரும் இறாலுக்கு அந்த நன்னீரே நஞ்சாயிற்று. உப்புக் குறைந்தது, இறால் பிடிப்பு விழுந்தது. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பூந்தலவில் நடந்தது இது. விவசாயிக்குத் தண்ணீர் கொடுத்த திட்டம் மீனவரின் பிழைப்பைத் தட்டிப் பறித்ததை முன்கூட்டிச் சொல்லியிருக்க ஓர் உப்புமானியே போதும். இப்போது அதே ஆற்றுப்படுகைக்கு இன்னொரு பெருநீர் வருகிறது. 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயா திட்டம், புகுல்பொலையிலும் டயரபாவிலும் அணைகட்டி, வெலிமடைப் பக்கத்து நீரைச் சுரங்கம் வழியாக வெல்லவாயப் பக்கம் திருப்புகிறது. காலங்காலமாகத் திருகோணமலைக்குப் போன நீரில் ஒரு பங்கு இனி தெற்கே போகும். சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளையில் கிணறுகள் வற்றி வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்ததை நாடே பேசியது. ஆற்றின் கடைக்கோடியில் என்ன மாறும் என்று பேசியவர்கள் குறைவு.

தோட்டத்துக்குள்ளேயும் கணக்கு இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய சரிவும், பாத்திகட்டி உரமிட்ட வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டமும் வடகீழ்ப் பருவமழையின் முதல் அடியில் எப்படிக் கரைகின்றன என்பதைக் கான்களில் ஓடும் நீரின் நிறமே சொல்லும். இங்கேதான் நியாயமான கோபம் எழும்: லயத்தில் வாழ்பவருக்குச் சொந்த நிலமே இல்லாதபோது, கடலைக் கெடுத்த பழியையும் அவர் தலையில் கட்டுவதா? கூடாது. கான் எங்கே வெட்டுவது, எந்த மலையைக் கைவிடுவது, எங்கே மானாப்புல் நடுவது என்பதைத் தீர்மானிப்பது கொழுந்து பறிப்பவர் அல்ல, கம்பனியும் அரசும். அதே சரிவுகள் அவரையே கொன்றும் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29இல் மீரியாபெத்தையில் இறங்கிய மண், லயங்களை மூடிவிட்டுத்தான் ஓடைக்குப் போனது. 2025 நவம்பரில் வங்கக்கடலிலிருந்து வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் சரித்த மலைகளையும் சேர்த்துப் பாருங்கள். சூடேறிய கடல் மலைக்கு மழையை அனுப்புகிறது, மலை கடலுக்குச் சேற்றை அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் லயம் இருக்கிறது.

ஆய்வால் என்ன ஆகிவிடும் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நம் மடுல்சீமையையே காட்டுவேன். 1869இல் இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பிச் செடியில் முதலில் கவனிக்கப்பட்டது அங்கேதான். மாதிரி பேராதனைக்கும் இங்கிலாந்துக்கும் போய், அதே ஆண்டில் நோய்க்கிருமிக்குப் பெயரும் கிடைத்தது. 1880களின் தொடக்கத்தில் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் வந்து அதன் வாழ்க்கைச் சுற்றைத் தெளிவாக்கினார். அதற்குள் கோப்பி தப்பமுடியாத நிலைக்குப் போயிருந்தது. அறிவியல் அங்கே தவறவில்லை. நோய்க்குப் பெயர் வைத்ததற்கும் அதை ஒழுங்காக ஆராய ஆள் வந்ததற்கும் இடையில் பத்தாண்டு ஓடிவிட்டது.

உமா ஓயா விடயத்தில் அந்தப் பத்தாண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நீர்வாழ் வளங்கள் பற்றிய பட்டப்படிப்பை நடத்துகிறது. கடற்புறத்தை ஆராய 1981 முதல் நாரா நிறுவனம் இருக்கிறது. டயரபாவில் ஒன்று, ரந்தெம்பவில் ஒன்று, லுணுகம்வெகரவில் ஒன்று, மலல களப்பில் ஒன்று என நான்கு இடங்களில் கலங்கல், நைத்திரேற்று, உப்புத்தன்மை மூன்றையும் மாதந்தோறும் அளந்து, இரண்டு நிறுவனங்களும் ஒரே ஏட்டில் பதியவேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். திருப்பிய நீரிலிருந்து 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் அதே திட்டத்தில் இருக்கிறது. அந்த மின்சாரத்தின் விலையில் ஒரு சிறு துண்டு இந்த ஏட்டுக்கு ஒதுக்கப்படட்டும்.