சுவர் யார் மேல் விழுகிறது?

(புதுச்சேரியில் மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கட்டடம் இடிந்தால் மறுநாள் பத்திரிகையில் ஒரே வரிதான்: கனமழையால் சுவர் இடிந்தது. பழியை மழை மேல போட்டாச்சு, விஷயம் முடிஞ்சுது. மழையைக் கோர்ட்டில் ஏற்ற முடியாதில்லையா? எங்கம்மா சித்தாள் வேலை பார்த்தவங்க. ‘ஏற்கெனவே தள்ளாடுறதைத்தான்டா மழை தள்ளும்’னு சொல்வாங்க. அந்தத் தள்ளாட்டத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2014 நவம்பர் 29 அன்று கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர்கள் 1870களில் கட்டியது, மழையில் சரிந்தது. அந்தக் காலத்துக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். மேலே மரவிட்டம் போட்ட தளம். தளத்தில் வெடிப்பு விட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவரில் செருகிய விட்டத்தின் நுனி உளுத்துப் போகும். சுண்ணாம்பு பிடிமானம் விட்டுவிடும். வெளியே வெள்ளையடித்து ஜோராக நிற்கும். மேரியை உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். நல்ல காரியம்தான்.

வெள்ளை நகரத்தை விட்டு இந்தப் பக்கம் வாங்க. 2024 ஜனவரி 22 அன்று ஆட்டுப்பட்டியில், இன்னும் குடிபோகாத புது மூன்று மாடி வீடு அப்படியே சாய்ந்தது. பக்கத்தில் உப்பனாறு வாய்க்கால் வேலைக்குப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அஸ்திவாரம் தனக்குக் கீழே உள்ள மண்ணை மட்டுமல்ல, பக்கத்து மண்ணையும் நம்பித்தான் நிற்கிறது. அதற்குக் கீழே ஆழமாகத் தோண்டினால் மண் நழுவும். கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டணும், பலகை அடைத்து முட்டுக் கொடுக்கணும். எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்வார். நல்லவேளை, அன்றைக்கு உயிர் போகவில்லை. அதே ஆண்டு மார்ச் 31 அன்று மரப்பாலம் பக்கம் வாய்க்கால் வேலை செய்தவர்கள் மேல் மதில் விழுந்தது. அங்கே உயிர்கள் போயின. வாய்க்காலில் இறங்குகிறவன் யார்? உங்களுக்குத் தெரியும்.

இப்போது மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2, விடியாத நேரம். சேரியை ஒட்டி ஒரு பங்களாக்காரர் எழுப்பிய சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். இந்தச் சுவரால் ஆபத்து என்று முன்பே முறையிட்டோம் என்றார்கள் ஊர் மக்கள். நியாயம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் கைதும்.

உயரமான சுவருக்கு அடியில் அகலம் வேணும், இடையிடையே தூண் வேணும், தண்ணீர் வடியத் துளை வேணும். இதெல்லாம் பொறியியல். ஆனால் அவ்வளவு உயரம் எதுக்கு? நம்மைப் பார்க்காமல் இருக்க. அது சாதி. பொறியியல் பிழையையும் சாதியையும் ஒரே சுவரில் வைத்துக் கட்டினால், அது எந்தப் பக்கம் விழும் என்பது கட்டும்போதே முடிவாகிவிடுகிறது.

நம்ம தொகுப்பு வீடுகளையும் அண்ணாந்து பாருங்க. சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரியும். கடலோர ஊரில் உப்புக் காற்றுப் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, காரையை உடைத்துத் தள்ளும். கம்பிக்கு மேல் போதிய கனத்தில் காரை போட்டிருந்தால் இது பல காலம் தள்ளிப்போயிருக்கும்.

ஆகவே தோழர்களே, செத்த பிறகு இழப்பீடு கேட்டு ஊர்வலம் போவது மட்டும் போராட்டம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு சேரியிலும் தெருத்தெருவாக நடங்க. கூட ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொள்ளுங்கள். சாய்ந்த மதில், குறுக்கே ஓடும் வெடிப்பு, துளையில்லாத சுவர், அடியில் தோண்டிய பள்ளம் எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அப்புறம் யாரும் மழை மேல பழி போட முடியாது. ரசீது நம்ம கையில் இருக்கும். அதைவிட முக்கியம், நம்ம பிள்ளைங்க உயிரோடு இருக்கும்.