பெட்டை நாய்க்குக் கருத்தடை எந்த வயதில்?

வீட்டில் பெட்டைக் குட்டி வளர்க்கிறவர்கள் கால்நடை மருத்துவரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஆபரேஷனை எப்போ பண்ணலாம், டாக்டர்?” நெடுங்காலமாக அதற்குக் கிடைத்துவந்த பதில் ஆறு மாதம். பொமரேனியன் ஆனாலும் ஜெர்மன் ஷெப்பர்ட் ஆனாலும் அதே ஆறு மாதம். இன்று அனுபவமுள்ள மருத்துவர்கள் அப்படி எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவதில்லை. குட்டியை எடை பார்க்கிறார்கள், தாயும் தகப்பனும் என்ன இனம் என்று விசாரிக்கிறார்கள், வீட்டில் ஆண் நாய் உண்டா, கேட் எப்போதும் சாத்தியிருக்குமா என்றுகூடக் கேட்கிறார்கள். பிறகுதான் நாள் குறிக்கிறார்கள். இந்த நிதானம் பாராட்டத்தக்கது.

பழைய ஆறு மாதக் கணக்கு காரணமில்லாமல் வந்ததல்ல. பெட்டை நாய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையே முதல் ஹீட்டுக்கு வரும். பெரிய இனங்களில் சில அதற்கும் மேலே போகும். 1969இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களின் மடிப் புற்றுநோய் அபாயம், செய்யாத நாய்களுடையதில் 0.5 சதவீதம்தான் என்றது. ஒரு ஹீட் கழிந்தால் அது 8 சதவீதம், இரண்டு கழிந்தால் 26. பல தலைமுறை மருத்துவர்கள் இந்த மூன்று எண்களையும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 2012இல் பழைய ஆய்வுகளை ஒருசேர அலசிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அந்த ஆதாரம் நினைத்த அளவுக்கு வலுவானதல்ல என்று எழுதினார்கள்.

கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் பயோமெட்ரா பற்றி மட்டும் ஐயமே இல்லை. ஸ்வீடனில் நீண்ட காலம் ஆரோக்கியமான நாய்க்குக் கருத்தடை செய்யும் வழக்கம் இல்லை. அங்குள்ள காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தால், பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெட்டை நாய்க்கு இந்த நோய் வந்திருக்கிறது.

கணக்கின் மறுபக்கத்தைக் காட்டியவர்கள் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹார்ட், லினெட் ஹார்ட் தம்பதியின் குழுவினர். தங்கள் கால்நடை மருத்துவமனையின் பல ஆண்டுப் பதிவேடுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த ஜெர்மன் ஷெப்பர்ட் ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. கருத்தடை செய்யாத பெட்டைகளில் 5 சதவீதத்துக்கு மூட்டு நோய் இருந்தது. ஒரு வயதுக்குள் செய்தவற்றில் அது 16 சதவீதம். செய்யாதவற்றில் ஒன்றுக்கும் சிறுநீர்க் கசிவு இல்லை; ஒரு வயதுக்குள் செய்தவற்றில் 7 சதவீதத்துக்கு இருந்தது. அதே பதிவேட்டில் மடிப் புற்றுநோய், செய்யாதவற்றில் 4 சதவீதம். ஒரு வயதுக்குள் செய்தவற்றில் 1 சதவீதத்துக்கும் கீழே. ஒரு பக்கம் லாபம், இன்னொரு பக்கம் நஷ்டம்.

மூட்டுக்கும் சூலகத்துக்கும் என்ன தொடர்பு? நீண்ட எலும்புகளின் முனையில் வளர்தட்டு என்னும் குருத்தெலும்பு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பருவம் வந்ததும் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், அந்தத் தட்டை மூடச் சொல்கிறது. சூலகத்தை முன்னதாகவே எடுத்துவிட்டால் தட்டு தாமதமாக மூடும், எலும்பு கொஞ்சம் கூடுதலாக நீளும், மூட்டின் கோணம் மாறும். முப்பது கிலோ உடம்பைச் சுமக்கிற முழங்காலுக்கு அந்தச் சிறு மாற்றமும் பாரம்தான். ஐந்து கிலோ நாய்க்கு அது பெரும்பாலும் தெரியவே தெரியாது. கலப்பின நாய்களைப் பற்றி அதே குழு 2020இல் வெளியிட்ட ஆய்விலும் 20 கிலோவுக்குக் கீழே வளர்கிறவற்றுக்கு மூட்டு அபாயம் கூடவில்லை.

ஆகவே சிறிய நாய்க்கு ஐந்து, ஆறு மாதத்தில், முதல் ஹீட்டுக்கு முன்பே செய்துவிடலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவமனைச் சங்கம் 2019இல் தந்த வழிகாட்டுதலும் அதுவே. பெரிய இனப் பெட்டைகளுக்கு அது 5 முதல் 15 மாதம் வரை இடம் விட்டு, முடிவை மருத்துவரிடமும் வளர்ப்பவரிடமும் ஒப்படைத்திருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு வயது வரை பொறுக்கலாம் என்பது ஹார்ட் குழுவின் பரிந்துரை.

தெருநாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் கருத்தடைப் பணியில், இன்று பிடிபட்ட நாய் அடுத்த மாதமும் அகப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். வண்டி நிறையக் குட்டிகள் அடிபட்டும் நோயுற்றும் சாவதைப் பார்த்தவர்களுக்கு, மூட்டு நோயைக் காட்டிலும் தவறவிட்ட ஒரு ஹீட் பெரிய ஆபத்து. அங்கே சீக்கிரம் செய்வதே நாய்க்கு நன்மை.

வீட்டு நாய்க்கு வயதோடு நாளும் பார்க்க வேண்டும். ஹீட்டில் இருக்கும்போது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் தடித்துப் புடைத்திருக்கும். அறுவையில் ரத்தம் அதிகம் போகும். ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்வது அதனால்தான். ரொம்பவும் தள்ளிப்போட்டால் வேறு சிக்கல்: கொழுத்த நாயின் வயிற்றில் கொழுப்புக்குள் புதைந்த சூலகத்தைத் தேடிப் பிடித்து, முடிச்சு வழுக்காமல் கட்டுவது சிரமம்.

காத்திருக்க முடிவெடுப்பவர்களுக்குப் பொறுப்பும் கூடுகிறது. ஹீட் வந்த மூன்று வாரமும் நாயைக் கயிறில்லாமல் வெளியே விடக்கூடாது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் வழக்கத்துக்கு மாறாக நிறையத் தண்ணீர் குடித்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, பின்புறம் நாற்றமுள்ள கசிவு தெரிந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். கசிவே இல்லாமல் உள்ளுக்குள் சீழ் தேங்கும் பயோமெட்ராவும் உண்டு. அது இன்னும் கொடியது.