திண்ணையில் கற்ற பாடம்



நான் தொடக்கப் பள்ளி ஆசிரியனாயிருந்த நாளில், மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன், அழைத்தால் திரும்பமாட்டான். மந்தபுத்தியென்று எண்ணித் தேர்ச்சி அட்டையிலும் அவ்வாறே குறித்தனுப்பினேன். தந்தை கைநாட்டு வைத்துத் திருப்பியனுப்பினார். எழுத்தறியாதவருக்கு எழுதி அனுப்புவது அறிவித்ததாகுமா?

ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வகுப்பில் நடப்பதைச் சொன்னேன். “இடக்காதுல சீழ் வடியுதுங்க, ஐயா” என்றார் தாய். மருத்துவரிடம் காட்டச் செய்தேன். வலக்காது என்பக்கம் இருக்குமாறு முன்வரிசையில் அமர்த்தினேன். அவ்வாண்டே வாய்பாட்டைத் தடையின்றிச் சொன்னான்.

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டுமென்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். நன்று. ஆயினும் குழுவுக்கு வாராத பெற்றோர்க்கும் வகுப்பறைச் செய்தி எட்டவேண்டும். உங்களுள் ஆசிரியராகப் போகிறவர்கள் அவர்களிடம் சொல்லச் செல்லுங்கள்; கேட்டறிந்து திரும்புவீர்கள்.