சாவி வாங்கினால் போதுமா?



"கோயில் ஊருக்கு வருகிறவர்களை இன்றைய விடுதிகள் நடத்துவது விருந்தாளியாகவா, வியாபாரமாகவா?" இதுதான் தலைப்பு. வியாபாரமாகத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. விருந்தோம்பலுக்குன்னு வள்ளுவர் தனி அதிகாரமே வச்சாருன்னாங்க. வச்சாரும்மா, பத்துக் குறள் வச்சாரு. அவரு காலத்துல கார் இல்லை, கார் நிறுத்த இடமும் தேட வேண்டாம். அதனால நிம்மதியா எழுதிட்டாரு! (சிரிப்பு)

ஐயா, ஒரு பௌர்ணமிக்கு நான் குடும்பத்தோட இந்த ஊருக்கு வந்தேன். சேலத்திலிருந்து செங்கம் வழியா, வாடகைக் கார். பத்து நாள் முன்னாடியே ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டு, பௌர்ணமி ரேட்டுன்னு அவங்க கேட்ட இரட்டிப்புத் தொகைக்கு அட்வான்ஸும் கட்டியாச்சு. "கார் நிறுத்த இடம் இருக்குங்களா?"ன்னு கேட்டேன். "எத்தனை கார் சார் கொண்டு வர்றீங்க?"ன்னு திருப்பிக் கேட்டாரு பாருங்க, நான் அப்படியே குளிர்ந்து போயிட்டேன்.

வந்து பார்த்தா, வாசல்ல நாலு கார் நிற்கலாம். மூணு ஏற்கனவே நிக்குது. நாலாவது இடத்துல உறை போட்டு மூடி ஒரு கார், முதலாளியுடையதாம். வாட்ச்மேன் வந்தாரு. "எதிர்ல காலி மனையில விடுங்க, நூறு ரூபா. ராத்திரி வண்டியை மாத்தி மாத்தி விடணும், சாவியைக் குடுங்க"ன்னு வாங்கி ஆணியில மாட்டிட்டாரு. ஆணிக்குப் பக்கத்துலயே போர்டு: 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.' என் சம்சாரம் அதைப் படிச்சுட்டு, "இவங்க எதுக்குத்தாங்க பொறுப்பு?"ன்னா. "நூறு ரூபாய்க்கு மட்டும் பொறுப்பு"ன்னேன். (சிரிப்பு, கைதட்டல்)

இதுவரைக்கும் சிரிக்கிற விஷயம்தான். டிரைவர் தம்பி என்கிட்ட வந்து மெதுவா, "அண்ணே, எனக்குப் படுக்க எங்கேன்னு கேளுங்க"ன்னாரு. கேட்டேன். "டிரைவருக்கெல்லாம் இங்க இடம் கிடையாது சார்." சரி, குளிக்கவாவது? "அதுவும் கிடையாது." என் அறையிலயே படுக்கட்டும்னேன். "நாலு பேருக்குத்தான் சார் ரூம், அஞ்சாவது ஆளுக்குத் தனிக் காசு"ன்னாங்க. அதையும் தர்றேன்னு சொல்லித் திரும்பறதுக்குள்ள தம்பி ரோஷப்பட்டுப் போயிட்டாரு. சாவி ஆணியில, அதனால கார்லயும் படுக்க முடியலை. கதவு மூடின ஒரு கடை வாசல்ல, கொசுக்கடியில ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்திருக்காரு.

நாங்க பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் சுத்திட்டு விடியற்காலையில வந்தோம். கார்ல பக்கவாட்டுக் கண்ணாடி உடைஞ்சு தொங்குது. சாவி இருந்தது அவங்ககிட்ட. கேட்டா, பேசவே இல்லை, போர்டைக் கையைக் காட்டினாரு மேனேஜர். தம்பி என் கையைப் பிடிச்சு, "விடுங்கண்ணே, ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன்"னாரு. ஓனர் யார் சம்பளத்துல பிடிப்பாருன்னு எனக்குத் தெரியாதா?

திரும்பும்போது செங்கம் தாண்டி ஒரு வளைவு. கார் தானா வலது பக்கம் ஒதுங்குது. எதிர்ல லாரி. பின்னால இருந்து எங்க அம்மா "தம்பீ!"ன்னு போட்ட சத்தத்துலதான் அவரு கண்ணைத் திறந்தாரு. எங்க அம்மாவுக்கு எழுபது வயசு ஐயா. மடியில என் பொண்ணு தூங்கிக்கிட்டிருந்தா. அன்னைக்கு நான் இந்த மேடைக்கு வராமலேயே போயிருக்கலாம்.

இதை ஏதோ என் சொந்த வழக்குன்னு நினைக்காதீங்க. நம்ம தமிழ்நாடு அரசே 2023 ஜூன் மாசம், 2019 கட்டட விதிகளைத் திருத்தி ஒரு உத்தரவு போட்டிருக்கு. ஓட்டல், லாட்ஜ் எதுவானாலும், ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு படுக்கைன்னு கணக்கு வச்சு டிரைவர்களுக்குத் தங்கும் கூடம் கட்டணும். வளாகத்துக்குள்ள முடியலைன்னா 250 மீட்டருக்குள்ள எங்கேயாவது. எட்டுப் படுக்கைக்கு ஒரு கழிப்பறை, குளியலறை. தூங்காத டிரைவர் ஓட்டுற வண்டி என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் இது வந்தது. எதிரணி அண்ணன் விருந்தோம்பல் நம்ம ரத்தத்துல ஓடுதுங்கிறாரு. ரத்தத்துல ஓடுற சமாச்சாரத்துக்கு எதுக்கண்ணே அரசாணை? (கைதட்டல்)

அந்த போர்டு விஷயத்துக்கு வர்றேன். 1998-ல டெல்லி தாஜ்மஹால் ஓட்டல்ல ஒருத்தர் தன் மாருதி ஜென் காரை ஊழியர்கிட்டச் சாவியோட கொடுத்துட்டு உள்ளே போனாரு. நள்ளிரவு தாண்டி வெளியே வந்தா கார் இல்லை, வேற ஆள் ஓட்டிட்டுப் போயிட்டான். சீட்டுல 'உங்கள் பொறுப்பு'ன்னு அச்சடிச்சிருக்கோமேன்னுது ஓட்டல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2019 நவம்பர்ல தீர்ப்பு: சாவியைக் கையில வாங்கினா வண்டியைப் பத்திரமாத் திருப்பித் தர்ற கடமையும் சேர்ந்தே வருது, தன் கவனக்குறைவுக்கு அச்சடிச்ச சீட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. இருபத்தோரு வருஷம் ஆச்சு, அது வேற கதை! தாய்மார்களுக்கு இன்னொண்ணும் சொல்றேன். 2019 நுகர்வோர் சட்டப்படி, நீங்க குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் கிடையாது.

நியாயத்தையும் சொல்லணும். மாட வீதியைச் சுத்தி இருக்கிறவங்களுக்கு மனையே அவ்வளவுதான். தீபத்தன்னைக்குப் போலீஸ் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்துறாங்க, அதுக்கு லாட்ஜ்காரர் என்ன பண்ணுவாரு? இடம் இல்லாதது குத்தமில்லை ஐயா. இல்லைன்னு போன்லயே சொல்லியிருந்தா நான் பஸ்ல வந்திருப்பேன். இருக்குன்னு சொல்லிக் காசை வாங்கினதுதான் குத்தம்.

அதே ராத்திரி கிரிவலப் பாதையில யமலிங்கத்தைத் தாண்டி ஒரு வீட்டு வாசல்ல ஒரு அம்மா மோர்ப் பானையோட உட்கார்ந்திருந்தாங்க. எங்க அம்மா காலைப் பார்த்துட்டு, "வாங்கம்மா, திண்ணையில செத்த உட்காருங்க"ன்னாங்க. பேர் கேட்கலை, ஊர் கேட்கலை. பத்துப் பைசா வாங்காத இடத்துல "வாங்க"ன்னு ஒரு வார்த்தை கிடைச்சுது. இரட்டிப்பா வாங்கின இடத்துல அதைக் காணோம்.

வல்லாள மகாராஜா கதை இந்த ஊர்ல தெரியாதவங்க கிடையாது. வந்த சிவனடியார் கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லாத ராஜா. பிள்ளை இல்லாத அவருக்கு அண்ணாமலையாரே பிள்ளையா நின்னு, இன்னைக்கும் மாசி மகத்தன்னைக்குப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுக்கிறாரு. அந்த ராஜா ஆண்ட ஊர்லதான் ஐயா, ஒரு டிரைவருக்கு அரை வாளித் தண்ணி இல்லைன்னாங்க. (நீண்ட கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். இன்னைக்கும் அதே தம்பிதான் என்னை இங்க ஓட்டிக்கிட்டு வந்தாரு. அதோ, கடைசி வரிசையில நிக்கிறாரு. அவருக்குப் படுக்கை எங்கேன்னு சாயங்காலமே கேட்டேன். "உங்க ரூம்லயே ஒரு கட்டில் போட்டுடறோம்"னு சொல்லியிருக்காங்க. நடுவர் ஐயா, கட்டில் வந்துச்சான்னு ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்க.